யாருடைய கஸ்டமர்? மதுரைத் துணிக்கடை ஒன்றின் சேலைத் தளம்

மதுரை விளக்குத்தூணிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், மாசி வீதி ஒன்றில் நான்கு மாடித் துணிக்கடை. முதல் மாடி முழுக்கச் சேலை. அந்தத் தளத்தில் தை மாதம் இன்சென்டிவ் கொடுக்கும் முறையை மாற்றினார்கள். சித்திரை முடிவதற்குள் பழைய ஆட்கள் மூன்று பேர் எதிர்வரிசைக் கடைக்குப் போய்விட்டார்கள். கஸ்டமர் முன்னாலேயே இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள். மார்ச் ஸ்டாக் எடுத்தபோது காணாமல் போனதாக எழுதிய சில பட்டுச் சேலைகள் பிறகு வேறு கவுண்டரின் அடித்தட்டிலிருந்து வெளியே வந்தன. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். “குரூப்பிசம் பெருசாயிடுச்சு, அதை உடைக்கணும்” என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட வேலை.

நான் பார்த்தவரை, உடைக்கச் சொன்ன அந்தக் குழுதான் பல வருஷமாகத் தளத்தைச் சம்பளம் வாங்காமல் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. புதிய முறை முதலில் முறித்ததும் அதைத்தான். எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. கடையையோ ஆட்களையோ அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தளமும் ஆட்களும்

மாடியில் இருபத்திரண்டு பேர், அதில் பதினாறு பேர் பெண்கள். ஆறு கவுண்டர்: பட்டு, சாஃப்ட் சில்க், டிசைனர், பூனம், காட்டன், கடைசியாக ஜன்னலோரத்தில் சுங்குடி. பட்டில் ஒரு கல்யாண வீட்டுப் பில் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். சுங்குடியில் அதே நேரம் நின்று அதே அளவு பேசினாலும் பில் ஆயிரத்தைத் தொட்டால் பெரிது. சுங்குடி மதுரையின் பெயர் சொல்லும் சரக்கு, 2005-இல் புவிசார் குறியீடும் வாங்கியது. கடைக்குள் மட்டும் அதற்குக் கடைசி மூலைதான். கவுண்டருக்குக் கவுண்டர் உள்ள இந்த விலை வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த பாதிச் சண்டைக்கு விதை அங்கேதான் இருக்கிறது.

ஆட்கள் வருவது மூன்று வழியில். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வேன், மேலூர்ப் பக்கம் ஒரு வேன், செல்லூர், அனுப்பானடி என்று உள்ளூர்க்காரர்கள் டவுன் பஸ்ஸில். ஆண்கள் பெரும்பாலும் கடை ஹாஸ்டலில் தங்கியிருக்கும் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துப் பையன்கள். கடைக்கு ஆள் எடுப்பது விளம்பரம் போட்டு அல்ல. “எங்க ஊர்ல ஒரு பொண்ணு இருக்கு முதலாளி, கூட்டிட்டு வரவா” என்று வேலையில் இருப்பவர் கேட்பார். ஆகவே ஒரு வேன் என்றால் நாலைந்து ஊர், அந்த ஊர்களில் சொந்தமும் பழக்கமும். சாதியைப் பற்றித் தளத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. மொட்டைமாடியில் மதியச் சாப்பாட்டுக்கு யார் எங்கே உட்கார்கிறார்கள், யார் டப்பாவிலிருந்து யார் குழம்பு எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒருவர் இருந்தார். பட்டுக் கவுண்டரில் பல வருஷமாக நிற்கும் அம்மா. முதலாளியே அவரைப் ‘பெரியக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார். சூப்பர்வைசர் பதவி கிடையாது. ஃப்ளோர் சூப்பர்வைசர் என்று ஒரு தம்பி தனியாக இருக்கிறார், வருகைப் பதிவு எழுதுவார், பில்லில் கையெழுத்துப் போடுவார். ஆனால் யாருக்கு எப்போது சாப்பாடு, யார் எந்தக் கவுண்டரில் நிற்பது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பெர்மிஷன் கேட்டவரின் இடத்தில் யார் நிற்பது, இதெல்லாம் பெரியக்கா சொன்னபடி நடக்கும். தளத்துக்குள் ஓடும் சீட்டும் அவர் கையில்தான். மாதம் ஒருவர் எடுப்பார். யாருக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டும், யாருக்குத் தங்கச்சி கல்யாணம் என்று பார்த்து வரிசையை மாற்றிக்கொள்வார்கள். சீட்டுப் பணம் பாக்கி வைத்திருக்கும்போது சக ஊழியரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது கொஞ்சம் கஷ்டம்தான்.

முறையும் மடிப்பும்

மாற்றத்துக்கு முன் கணக்கு எளிது. தளத்துக்கு ஒரு மாத இலக்கு. தாண்டினால் ஒரு தொகை, இருபத்திரண்டு பேருக்கும் சமப் பங்கு. அதன் மேல் ஊழியர்களே கட்டிய ஒரு ஏற்பாடு இருந்தது, அதற்கு அவர்கள் வைத்த பேர் ‘முறை’. லிஃப்ட் திறந்து கஸ்டமர் வந்தால் முறை யாருக்கோ அவர் எழுந்து போவார். முடித்தவர் மடிப்புக்குப் போவார். தன் அடுத்த முறை வரும்வரை ஸ்டூலில் உட்காரலாம். காலையில் போணி ஆகாத கவுண்டருக்கு முதல் கஸ்டமரை விட்டுக்கொடுப்பது, வாரத்துக்கு ஒருமுறை சுங்குடியில் நின்றவரைப் பட்டுக்கு மாற்றுவது, எல்லாம் இதற்குள் அடக்கம்.

மடிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வெளியே இருப்பவர்களுக்கு அது வேலையாகவே தெரியாது. ஒரு கல்யாண வீட்டார் மெத்தையில் உட்கார்ந்தால் அறுபது எழுபது சேலை விரியும். எடுப்பது நாலோ ஐந்தோ. மிச்சம் அத்தனையும் பழைய மடிப்பிலேயே மடித்து, டேக் வெளியே தெரிய, கலர் வரிசையில் அடுக்கில் ஏற வேண்டும். பட்டை மடிக்க ஒருவர் முந்தியைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் மறுமுனையை. மடிப்பு இடம் மாறி விழுந்தால் ஜரிகையில் கோடு நின்றுவிடும், அடுத்து விரிக்கும்போது கஸ்டமர் “இது பழசா?” என்று கேட்பார். இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். தனியாக மடித்தால் நேரமும் போகும், மடிப்பும் கோணும். எந்த ரிப்போர்ட்டிலும் மடிப்புக்கு ஒரு கட்டம் கிடையாது.

இந்தக் குழுவைத் தங்கமான குழு என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாக வந்த பெண்ணை ஒரு வருஷம் வரை பட்டுப் பக்கம் விடமாட்டார்கள். வேலைக்கு வந்து பாதி நேரம் போனில் இருந்த இரண்டு பேரை எல்லோரும் சேர்ந்து மறைத்துக் காப்பாற்றினார்கள், ஏனென்றால் அவர்கள் உசிலம்பட்டி வேன். ஹாஸ்டல் பையன் ஒருவன் சுறுசுறுப்பு, வாய் சாமர்த்தியம். முறைக்குக் காத்திருக்காமல் லிஃப்ட் வாசலிலேயே நின்று கஸ்டமரைக் கூட்டிப் போனான். அவனை யாரும் திட்டவில்லை. மேலடுக்கிலிருந்து சேலை எடுத்துக் கொடுக்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான். “அண்ணே, அந்த மாம்பழக் கலர எடுங்கண்ணே” என்று அவன் கத்துவான், ஏணியில் நிற்பவருக்குக் காது கேட்காது. ஒரு வாரத்தில் வழிக்கு வந்துவிட்டான். இலக்கு எட்டப் போகிறது என்று தெரிந்தால் மாதக் கடைசியில் தளமே கொஞ்சம் மெதுவாகும் என்றும் ஒருவர் என்னிடம் டீக்கடையில் சொன்னார். ரொம்பத் தாண்டினால் அடுத்த மாத இலக்கு ஏறிவிடும் என்ற பயம்.

ஆக, முதலாளியின் மகனுக்கு வந்த சந்தேகம் வெறும் சந்தேகம் இல்லை. மேலாண்மை படித்துவிட்டு வந்த அவரைக் கடையில் சின்னவர் என்கிறார்கள். அவர் கொண்டுவந்த ஏற்பாடு: ஆளுக்கொரு கோடு, அதாவது அடையாள எண், பில் போடும்போது அந்தக் கோடு ஏறும், விற்ற தொகையில் ஒரு பங்கு அவரவர் கணக்கில். தினமும் ராத்திரி யார் எவ்வளவு என்று வாட்ஸ்அப் குரூப்பில் வரிசைப் பட்டியல். முதல் மூன்று பேருக்கு ஒரு கோப்பைப் படம்.

தை முதல் சித்திரை வரை

தை மாத விற்பனை ஏறியது. முகூர்த்த மாதம், ஏறத்தான் செய்யும், ஆனாலும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். வரிசையில் முதலில் வந்தவன் அந்த ஹாஸ்டல் பையன். சின்னவருக்குச் சந்தோஷம். பெரியவர், அதாவது முதலாளி, ஒன்றும் சொல்லவில்லை.

மாசியில் மடிப்பு நின்றது. யாரும் மறுத்தார்கள் என்று இல்லை. மடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் லிஃப்ட் திறந்தால் கஸ்டமர் அடுத்தவர் கோடுக்குப் போய்விடுவார், பிறகு யார் மடிப்பார்? மெத்தை ஓரத்தில் சேலைக் குவியல். சூப்பர்வைசர் தம்பி சத்தம் போட்டால் ஆளுக்கு இரண்டு மடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ராத்திரி கடை அடைத்த பிறகு மடிக்கச் சொன்னார்கள். வேன் தாமதமாகக் கிளம்பியது. வீட்டில் கேள்வி கேட்டார்கள்.

ஸ்டூல்களும் காலியாகவே கிடந்தன. கடைகளில் நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் வந்தது. கேரளம் 2018-இலேயே கொண்டுவந்துவிட்டது. இந்தக் கடையிலும் சட்டப்படி ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் முறை இருந்த காலத்தில் உட்கார்ந்தவருக்கு எதுவும் நஷ்டமில்லை. இப்போது உட்கார்ந்தால் கஸ்டமர் போய்விடுவார். யாரும் தடுக்காமலே எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் நின்று பார்த்த ஒரு சம்பவம். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கல்யாணப் பெண், அம்மா, அத்தை, கூடவே இரண்டு சின்னப் பிள்ளைகள். அரக்குக் கலரில் கடுகு மஞ்சள் பார்டர் வேண்டும், பார்டர் பெரிதாக இருக்கக் கூடாது. சாஃப்ட் சில்க் கவுண்டரில் நின்ற பெண் பத்துப் பன்னிரண்டு விரித்தாள்.

“இவ்ளோதானாம்மா? அங்கிட்டு எதுவும் இருக்கா?” அத்தை பட்டுக் கவுண்டரைக் கை காட்டினார்.

“இல்லக்கா, அங்கிட்டெல்லாம் வெயிட் பட்டு. நீங்க கேக்குறது இங்கிட்டுதான்.”

பட்டுக் கவுண்டரில் அதே சேலை இருந்தது. அன்று காலைதான் நான் அதை அங்கே பார்த்திருந்தேன். அங்கே நின்றவரும் இந்தப் பேச்சைக் கேட்டார். அவர் வந்து காட்டினால் பில் யார் கோடில் ஏறுவது என்ற வழக்கு வரும், அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு வழக்கு சின்னவர் அறைவரை போயிருந்தது. அவர் சும்மா இருந்துவிட்டார். குடும்பம் சித்திரை வீதிப் பக்கம் கிளம்பிப் போனது. அன்று ராத்திரிப் பட்டியலில் இந்த நஷ்டம் யார் பேரிலும் ஏறவில்லை.

அடித்தட்டில் சேலை ஒளிந்ததற்கும் இதே காரணம்தான். நன்றாக ஓடும் கலரைத் தன் கஸ்டமருக்காக எடுத்து வைத்துக்கொள்வது. மறைத்தது என்பதைவிடப் பிடித்து வைத்தது என்பதே சரி, திருட்டு எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் ஸ்டாக் எடுத்தவர்களுக்கு அது காணாமல் போன பீஸ்தான். வேன்களுக்குள் இருந்த பிரிவும் இப்போது வெளியே வந்தது. முறை இருந்தபோது உசிலம்பட்டி, மேலூர் என்பது சாப்பாட்டு நேரத்தோடு நின்றது. பிறகு கஸ்டமரை வேன்காரர்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். டவுன் பஸ்ஸில் வருபவர்கள் நடுவில் மாட்டினார்கள். எதிர்க்கடைக்குப் போன மூன்று பேரும் அவர்கள்தான். மாசி மாதச் சீட்டுக்கு இரண்டு பேர் பணம் கட்டவில்லை, பங்குனியோடு பெரியக்கா சீட்டை முடித்துக் கணக்கைத் தீர்த்துவிட்டார். நிர்வாகத்துக்கு இது தெரியவே தெரியாது. எனக்கென்னவோ இந்த நான்கு மாதக் கதையில் பெரிய செய்தி அதுதான்.

சுங்குடிக் கவுண்டரைச் சொல்லாமல் விட முடியாது. விலை குறைந்த சரக்கில் சதவீத இன்சென்டிவ் என்றால் அங்கே நிற்பதே தண்டனை. சுழற்சி நின்றுபோய், வாய் இல்லாதவர்கள் அங்கேயே நிரந்தரமாகத் தங்கினார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வரும் வெளியூர் ஜனம் ஆசையாகச் சுங்குடி கேட்கும். அந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்கிய வாரத்தில்கூட அந்தக் கவுண்டரில் நிற்க ஒருவருக்கும் மனசில்லை.

சின்னவரோடு நடந்த வாதம்

சின்னவர் கெட்டிக்காரர், கேட்கவும் செய்தார். அவர் முதல் வாதம்: பொதுப் பங்கு என்றால் சிலர் ஓசியில் வாழ்வார்கள். இதற்கு ஆதாரம் உண்டு. மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து 1913-இல் வெளியிட்ட கணக்கில், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தன் தனிப் பலத்தில் கிட்டத்தட்டப் பாதிதான் போட்டார். தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை, பாதிப் பேர் வடத்தைத் தொட்டுக்கொண்டு நடப்பார்கள். ஆகவே இருபத்திரண்டு பேருக்கு ஒரே பங்கு என்பது பெரிய கூட்டம்தான், அதில் அவரோடு எனக்குச் சண்டையில்லை.

இரண்டாவது வாதம், குழு விற்பனையை வேண்டுமென்றே கட்டிப் போடுகிறது என்பது. இதுவும் பழைய கதை. அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலை. 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை 14 ஆண்களை ஒரு தனி அறையில் வேலை செய்யவிட்டுக் கவனித்தார்கள். 9 பேர் டெலிபோன் ஸ்விட்சுக்கு வயர் கட்டுபவர்கள், 3 பேர் அந்த வயரை ஈயம் வைத்துப் பற்றவைப்பவர்கள், 2 பேர் சோதிப்பவர்கள். கூலி குழுவின் மொத்த உற்பத்தியைப் பொறுத்தது, யார் கூட உழைத்தாலும் எல்லோருக்கும் லாபம். அப்படியும் ஒரு நாளைக்கு இரண்டு கருவிக்கு மேல் வேண்டாம் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு. மிஞ்சுபவனுக்குப் பட்டப்பெயர், குறைப்பவனுக்குப் பட்டப்பெயர், மேற்கையில் ஒரு குத்து. மேலே போட்டுக்கொடுப்பவனுக்கு ஒதுக்கல். அறையின் முன்பக்கம் ஒரு கூட்டு, பின்பக்கம் ஒரு கூட்டு. ஏணியில் நின்றவருக்குக் காது கேட்காமல் போனதும் இதே ஜாதி வேலைதான்.

இதைக் கேட்டதும் “பாத்தீங்களா, நான் சொன்னது சரிதானே” என்றார் சின்னவர். பாதி சரி. குழு ஒரு எல்லை வைத்திருந்தது உண்மை. ஆனால் அந்த எல்லைக்குள் மடிப்பு, சுழற்சி, சாப்பாட்டு முறை, லீவு எடுத்தவர் இடத்தை நிரப்புவது என்று கடை காசு கொடுக்காத வேலைகளும் சேர்ந்தே ஓடின. இன்சென்டிவைத் தனித்தனியாகப் பிரித்தபோது எல்லை மட்டும் போகவில்லை, அந்த வேலைகளும் போய்விட்டன. தை மாதத்தில் ஏறிய விற்பனை அந்த வேலைகளைக் கரைத்து வந்தது என்பது என் கணிப்பு.

நான் அவருக்குச் சொன்ன இன்னொரு உதாரணம் நம் நாட்டிலேயே, அதுவும் துணித் தொழிலிலேயே நடந்தது. 1953-இல் லண்டன் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ், அகமதாபாத் காலிகோ மில்ஸில் ஒரு ஆட்டோமேட்டிக் தறிக் கூடத்தைப் பார்த்தார். 224 தறி, 29 ஆள், 12 விதமான வேலை. ஒவ்வொரு வேலைக்காரருக்கும் வேறுவேறு எண்ணிக்கையில் தறிகளைப் பிரித்துக் கொடுத்திருந்ததால், ஒரு தறி கெட்டால் அது யார் பொறுப்பு என்பதே தெரியாது. சில தறிகளுக்கு ஒரு சிறு குழு, அதற்குள் எல்லா வேலையும், அதற்குள்ளேயே ஒரு தலைவர் என்று மாற்றிப் பார்க்கலாமா என்று பேச்சு வந்ததும், தொழிலாளர்களே கூடிக் குழு பிரித்துக்கொண்டார்கள். ஆரம்பத் தடுமாற்றத்துக்குப் பிறகு உற்பத்தி ஏறியது, சேதமான துணி குறைந்தது. சின்னவருக்கு இதில் பிடித்தது சேதம் குறைந்த பகுதி.

வைகாசியில் செய்தது

கவுண்டர்களை இரண்டிரண்டாக மூன்று குழுவாக்கினோம், விலை கூடியதும் குறைந்ததும் ஒன்றாக இருக்கும்படி. பட்டும் சுங்குடியும் ஒரே குழு. குழுவுக்குள் வாரச் சுழற்சி. இன்சென்டிவில் பாதி குழுவின் விற்பனைக்கு, பாதி தளத்தின் விற்பனைக்கு, இரண்டிலும் குழுவுக்குள் சமப் பங்கு. அடுத்த குழுவின் கவுண்டருக்குக் கஸ்டமரை அனுப்பினால் தளப் பாதியில் தனக்கும் வரும் என்பதால் “அங்கிட்டு இல்லக்கா” என்று சொல்லத் தேவையில்லை. கோடு இருக்கட்டும், ஸ்டாக் தேட உதவும், ஆனால் ராத்திரிப் பட்டியல் நிறுத்தம். மதியம் ஒருமுறை, கடை அடைக்க ஒரு மணி நேரத்துக்கு முன் ஒருமுறை எந்தக் குழு மெத்தை சுத்தமாக இருக்கிறது என்று சூப்பர்வைசர் பார்ப்பார்.

வேன் வாரியாகக் குழு அமையக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். மூன்று குழுவிலும் மூன்று வழி ஆட்களும் கலந்தார்கள். இதற்கு எதிர்ப்பு வந்தது, உசிலம்பட்டி வேனிலிருந்துதான் அதிகம்.

பெரியக்காவைச் சூப்பர்வைசர் ஆக்கச் சொன்னேன். முதலாளியும் சரி என்றார். அவர் மறுத்துவிட்டார். “சூப்பர்வைசர் ஆயிட்டா வேன்ல என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாளுக தம்பி. அப்புறம் யாரு என்ன சொல்றான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். பதவியில்லாமலே பட்டுக் குழுவின் முறையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். அவருக்குத் தனிப் படி கொடுக்கச் சொன்னேன், அதைப் பெரியவர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். கேட்டால் “அவங்க நம்ம வீட்டு ஆள் மாதிரி” என்பார். வீட்டு ஆள் என்ற பேரில் எத்தனை பேருக்குச் சம்பளம் ஏறாமல் நின்றிருக்கிறது என்று மாசி வீதிகளில் கேட்டுப் பார்க்கலாம்.

ஆடித் தள்ளுபடியில் மெத்தை ஓரக் குவியல் குறைந்தது, கண்ணால் பார்த்தேன். ஸ்டூலில் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். விற்பனை ஏறியதா என்று கேட்டால் பதில் இல்லை: ஆடிக் கூட்டத்தை முகூர்த்த மாதத்தோடு ஒப்பிட முடியாது, போன ஆடியோடு ஒப்பிட்டால் தள்ளுபடி விகிதமே வேறு. மூன்று குழுவில் இரண்டு நன்றாக ஓடுகிறது. பூனம், டிசைனர் குழு மட்டும் உள்ளுக்குள் வேன் வாரியாக இரண்டாகி, ஒரே மெத்தையில் இரண்டு ‘முறை’ வைத்துக்கொண்டிருக்கிறது. அதை உடைக்க வேண்டாம், தீபாவளிவரை பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். ஹாஸ்டல் பையன் வருமானம் குறைந்துவிட்டது என்று சின்னவரிடம் போய் நின்றான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவன் உழைப்பு இந்த ஏற்பாட்டில் தெரியாது. அவனுக்கு ஹாஸ்டல் வாடகை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள், மற்றவர்களுக்கு அது தெரியாது, தெரிந்தால் இன்னொரு பஞ்சாயத்து வரும்.

சின்னவர் பட்டியலை நிறுத்திவிட்டாலும் அவர் போனில் அது தினமும் வருகிறது. தீபாவளிக்கு எடுக்கப்போகும் தற்காலிக ஆட்களை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதில் இப்போது பேச்சு நிற்கிறது. அவர்களுக்கும் பங்கு உண்டு என்றால் பழைய ஆட்களின் பங்கு குறையும். பங்கு இல்லை என்றால் அவர்கள் மடிக்க மாட்டார்கள். குழுவுக்கு இரண்டு பேர், அரைப் பங்கு என்று நான் எழுதிக் கொடுத்தேன். பட்டுக் குழு ஒத்துக்கொண்டது, காட்டன் குழு யோசிக்கிறது, பூனம் குழுவிலிருந்து இரண்டு பதில் வந்திருக்கிறது.